தோட்டாவின் அளவை வகுத்தவர் யார்?

கான்பூர், லக்னௌ, பாட்னா முதலிய நகரங்களில் வாழும் தமிழன்பர்கள் அவ்வூர் நாளிதழ்களில் ஒரு செய்தியை அடிக்கடி கண்டிருப்பார்கள். காவல் துறையினர் ஒருவரைக் கைது செய்தனர். அவரிடம் ஒரு 'தேசி கட்டா'வும், '315 போர்' தோட்டாக்கள் இரண்டும் இருந்தன என்று அச்செய்தி கூறும். 'கட்டா' என்பது உரிமமின்றித் திருட்டுத்தனமாகச் செய்யப்பெறும் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கி. 'போர்' என்பது ஈண்டு யுத்தமன்று. துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இச்சொல் சற்றே தொல்லை தருவது. 'குழலளவு' என்று எழுதினால் மயக்கமில்லை. ஆயினும் உரிமத்தாளைக் கையில் வைத்திருப்பவர் 'பன்னிரண்டு போர்' என்றுதான் சொல்வார். குழலளவு என்றால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

அது நிற்க. இந்த 315 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 315 பங்கு. ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். முந்நூறு, முந்நூற்றைம்பது என்று எளிய எண்ணாக இல்லாமல் இப்படி ஓர் அளவை வகுத்தவர் யார்? கம்மியனா, படைத்தலைவனா, வேட்டைக்காரனா? மூவருக்கும் இதில் பங்குண்டு. எனினும் நம் நாட்டைப் பொறுத்தவரையில் பெரும்பங்கு சட்டம் எழுதியவர்களுடையது. அக்கதையைச் சொல்வதற்கு முன், தோட்டாவின் உறுப்புக்களைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கு பொருள்கள் உள்ளன. பித்தளைக் கூடு ஒன்று, அதனுள் வெடிமருந்து, கூட்டின் வாயில் பொருத்திய குண்டு, கூட்டின் அடியில் பதித்த சிறு கேப்பு. தீபாவளியில் சிறுவர் வெடிக்கும் பொட்டுக் கேப்பைப் போலவே, இதுவும் அடிபட்டால் தீப்பொறி எழுப்பும். அப்பொறி மருந்தைப் பற்றவைக்க, மருந்து வாயுவாக மாறிக் குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது. குழலின் உட்புறத்தில் திருகுபுரிகள் வெட்டப்பட்டிருப்பதால் குண்டு பம்பரம்போல் சுழன்று செல்கிறது. சுழல்வதால்தான் நேராகச் செல்கிறது.

இவற்றுள் மிகவும் அரிய வேலையைச் செய்வது பித்தளைக் கூடு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மோட்டார் வண்டியின் சக்கரத்தில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. அமெரிக்கர் 1906ஆம் ஆண்டில் தம் படைக்கு ஏற்றுக்கொண்ட '.30-06' என்னும் புகழ்பெற்ற தோட்டாவில் எழக்கூடிய அழுத்தத்துக்கு இன்று விதிக்கப்பட்டுள்ள எல்லை சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. சக்கரத்தைப்போல் இரண்டாயிரம் மடங்கு! இந்த அழுத்தம் சுடுபவரின் கன்னத்திலிருந்து சில அங்குலத் தொலைவில் எழுகிறது. அக்கணத்தில் பித்தளை சற்றே விரிந்து, துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்புறம் கசியாமல் அடைக்கிறது. குண்டு வெளியேறியதும் சற்றே சுருங்கி, எளிதில் வெளிவருகிறது. கூட்டுக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி மயிரிழைக் கணக்கில் அமைந்தால்தான் இது நடைபெறும். அறை பெரிதானால் கூடு கிழியும். குண்டு பெரிதானால் அழுத்தம் ஏறும். இரண்டில் எது நேர்ந்தாலும் கேடு பின்புறமாகத்தான் வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோட்டாவின் பெயரில் உள்ள எண்ணை நம்புதற்கில்லை. நம் காவலர்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த 'த்ரீ நாட் த்ரீ' ரைபிளின் குண்டு .303 அங்குலம் அன்று, ஏறத்தாழ.311 அங்குலம். புரிகளின் மேட்டை அளந்தால் ஓர் எண், பள்ளத்தை அளந்தால் வேறோர் எண். பெயரிட்டவர் தமக்கு விருப்பமானதை எடுத்துக்கொண்டார். '.275 ரிக்பி' என்று ஒரு தோட்டா உண்டு. 1907ஆம் ஆண்டில் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்ற ஜிம் கார்பெட்டுக்கு அக்கால ஐக்கிய மாகாணத்து லெப்டினன்ட் கவர்னர் பரிசளித்தது அவ்வகை ரைபிளே. அந்தத் தோட்டா ஜெர்மானியரின் 7 மில்லிமீட்டர் மௌசர்த் தோட்டாவே. இலண்டன் வணிகர் அதற்கு ஆங்கிலச் சட்டை அணிவித்தார், அவ்வளவுதான். பன்னிரண்டு போர் என்பதோ வேறு கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்று செல்லும் குழல் பன்னிரண்டு போர். ஆகவே இருபது போர் என்பது பன்னிரண்டைவிடச் சிறியது. இந்த வேடிக்கையான கணக்கால் விளையும் விபத்து ஒன்றைப் பின்னர்க் கூறுவோம்.

கல்கத்தாவில் வாழும் அன்பர்களுக்குத் 'டம்டம்' என்றால் விமான நிலையம் நினைவுக்கு வரும். தோட்டாவின் சரித்திரத்தில் அவ்வூர் இருமுறை இடம்பெற்றது. முதல் முறை 1857ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில். கம்பெனியின் சிப்பாய்களுக்குப் புதிய என்ஃபீல்டு ரைபிளைப் பயிற்றுவித்த இடங்களுள் டம்டம் ஒன்று. அக்காலத் தோட்டா பித்தளையால் ஆனதன்று. மருந்தும் குண்டும் வைத்துச் சுருட்டிய காகிதப் பொட்டலம். அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, குண்டைக் கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். குண்டு எளிதில் இறங்கும்பொருட்டுக் காகிதத்தில் கொழுப்புப் பூசியிருந்தனர். அது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற பேச்சு டம்டமில்தான் முதலில் எழுந்தது. பின்பு அதிகாரிகள் கையால் கிழித்துக்கொள்ளலாம் என்றனர். சிப்பாய்களே தமக்கு உகந்த நெய்ப்பொருளைப் பூசிக்கொள்ளலாம் என்றும் கூறினர். ஒருவரும் நம்பவில்லை. மார்ச் 29ஆம் நாள் பாரக்பூரில் மங்கள் பாண்டே கிளர்ந்தெழுந்தார். மே 10ஆம் நாள் மீரட் பற்றி எரிந்தது. பின் நிகழ்ந்தவை நேயர்கள் அறிந்தவை. ஒரு தோட்டாவை வடிவமைப்போர் அதைக் கையாளும் மனிதனை எண்ணாது வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் பத்தாண்டுகளுக்குள் காகிதத் தோட்டாவின் காலம் முடிந்தது. 1866ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் பழைய என்ஃபீல்டுகளை எறிந்துவிடாமல், ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் முறைப்படி அவற்றின் பின்புறத்தை வெட்டி, பின்வாயில் தோட்டா செருகும் துப்பாக்கியாக மாற்றினர். பழைய துப்பாக்கியைப் புதியதாக்கும் வேலையைப் பேரரசே பெருவாரியாகச் செய்தது என்று இதைக் கொள்ளலாம். 1871ஆம் ஆண்டில் மார்ட்டினி-ஹென்றி ரைபிள் வந்தது. அதன் தோட்டா எப்படிப் பிறந்தது தெரியுமா? ஸ்னைடர்த் தோட்டாவின் .577 அங்குலக் கூட்டை வைத்துக்கொண்டு, அதன் கழுத்தை மட்டும் .450க்கு ஒடுக்கினர். பருத்த உடலும் ஒடுங்கிய கழுத்தும் கொண்ட, ஏறக்குறைய ஒரு மருந்துப் புட்டியின் வடிவம். நிறைய மருந்து, சிறிய குண்டு, மிகுந்த வேகம். பிற்காலத்தில் உலகெங்கும் தோட்டாவை மாற்றி மாற்றிச் சோதித்தவர்கள் அனைவரும் கையாண்ட தந்திரம் இதுவே.

டம்டமின் இரண்டாம் வருகை 1890களில். .303 ரைபிளின் குண்டு சிறியது; செம்பு கலந்த உலோகத்தால் முழுதும் போர்த்தப்பட்டது. 1895ஆம் ஆண்டு சித்ரால் போரில், அது எதிரியை ஊடுருவிச் சென்றும் அவரை வீழ்த்தவில்லை என்று படையினர் குறைகூறினர். டம்டம் படைக்கலச் சாலையின் மேற்பார்வையாளரான கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் போர்வையின் நுனியைத் திறந்து ஈயம் வெளித்தெரியுமாறு ஒரு குண்டை வடித்தார். அது உடலில் பட்டதும் விரிந்து பெரும்புண் செய்தது. உலகம் முகம் சுளித்தது. 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று நாடுகள் அறிக்கை செய்தன. விலங்கு வேட்டையில் மட்டும், அடிபட்ட விலங்கு துன்புற்று அலையாமல் விரைவில் வீழும் என்ற காரணத்தால், அவ்வகைக் குண்டே இன்றும் பல நாடுகளில் வழக்கில் உள்ளது. டம்டம் என்ற ஊர்ப்பெயர் உலக மொழிகளில் ஒரு குண்டின் பெயராகப் பதிந்துவிட்டது. அவ்வூரார்க்கு இது பெருமையா என்பது வேறு செய்தி.

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம். லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்த காலத்தில், 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நிறைவேறியது. இந்தியர் உரிமம் பெறாமல் ஆயுதம் வைத்திருத்தல் ஆகாது, ஐரோப்பியர்க்கு விலக்கு. வடமேற்கு எல்லையிலோ சட்டம் செல்லவில்லை. பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையேயுள்ள தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து, கம்மியர்கள் ஆங்கிலேயரின் துப்பாக்கிகளை எளிய கருவிகளைக்கொண்டு கைவேலையாகவே நகல் செய்தனர். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. துப்பாக்கியைத் திருடலாம், நகலும் செய்யலாம். ஆனால் நல்ல தோட்டாவைச் செய்வது அத்துணை எளிதன்று. ஆகையால் ஆட்சியாளர்கள் தோட்டாவின் வழியை அடைக்க முனைந்தனர்.

அப்பொழுது வெள்ளைய வேட்டைக்காரர்கள் விரும்பியது, இலண்டன் ரிக்பி கம்பெனியார் 1898ஆம் ஆண்டில் வெளியிட்ட .450 தோட்டாவை. யானைக்கும் காட்டெருமைக்கும் ஏற்ற இரட்டைக்குழல் ரைபிளில் பயன்படுவது. அதன் குண்டைப் பிடுங்கி மார்ட்டினி-ஹென்றித் தோட்டாவில் பொருத்திக்கொள்ளலாம் என்று அரசினர் அஞ்சினர். இரண்டும் .450 அல்லவா? எனவே 1907ஆம் ஆண்டையொட்டி, .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்கும் சூடானுக்கும் இறக்குமதி செய்தல் கூடாது என்று தடை விதித்தனர்.

துப்பாக்கி வணிகர்கள் என்ன செய்தனர்? இந்தியச் சந்தையை இழக்க ஒருவருக்கும் மனமில்லை. ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனியார் .465 என்றனர். ஜோசப் லாங் .470 என்றார். ஜெஃப்ரி .475 என்றார். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476 என்றார். பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்யும் இத்தனை தோட்டாக்கள் ஒரே காலத்தில் தோன்றியதற்கு யானையோ புலியோ காரணமன்று. ஓர் அங்குலத்தில் நூற்றில் இரண்டு பங்கு கூடியதும் தடை விலகிற்று, அதுவே காரணம். பின்னாளில் தடை நீங்கியும் .450 தன் பழைய இடத்தை அடையவில்லை. .470 நிலைத்துவிட்டது. ஆப்பிரிக்க வேட்டைக்காரர் இன்றும் அதை வாங்குகின்றனர். இந்தியாவில் எழுதிய ஒரு சட்டவரியின் நிழலைத் தாம் தோளில் சுமப்பதை அவர்களுள் எத்தனைபேர் அறிவரோ!

அந்த .470 தோட்டாவின் கூடு மூன்றங்குலத்துக்கு மேல் நீளமானது. ஏன் இத்துணைப் பெரிய கூடு? இதற்கு நம் வெயிலே காரணம். அக்கால மருந்தாகிய கார்டைட், வெப்பம் ஏறினால் விரைந்து எரிந்து அழுத்தத்தைக் கூட்டும் இயல்புடையது. இலண்டன் குளிரில் ஒழுங்காகச் சுடும் தோட்டா, மத்திய மாகாணத்துச் சித்திரை வெயிலில் கூடு விரிந்து அறையில் இறுகிக்கொள்ளும். யானை எதிரே நிற்கையில் கூடு வெளிவராவிடில் நிலைமை என்னவாகும்? ஆதலின் கூட்டைப் பெரிதாக்கி, அழுத்தத்தைக் குறைத்து அமைத்தனர். கார்டைட் என்ற பெயர், அது நூல்நூலாகக் கயிறுபோல் இருப்பதால் வந்தது. அதைச் செய்யும் ஆலை நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது; இன்றும் இயங்குகிறது. மலைரயிலில் சென்றவர்கள் அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கலாம்.

இப்பொழுது 315க்கு விடை கூறலாம். படையினரின் தோட்டா குடிமக்கள் துப்பாக்கியில் செல்லலாகாது என்பது ஆங்கிலேயர் வகுத்த கொள்கை. சுதந்திர இந்தியாவும் அதனைக் கைவிடவில்லை. .303 தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய ரைபிள் எதுவாயினும் அது தடைசெய்யப்பட்ட குழலளவே. எனினும் குடிமகனுக்கு ஒரு ரைபிள் வேண்டும், ஆலையிலோ.303 லீ-என்ஃபீல்டுப் பொறியமைப்பு கைவசம் உள்ளது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படை 19ஆம் நூற்றாண்டின் முடிவில் பயன்படுத்திய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர்த் தோட்டா, .303ஐப் போலவே அடியில் விளிம்புடையது. ஆகையால் அப்பொறியமைப்புக்கு இசைந்தது. ஹூக்ளிக் கரையிலுள்ள ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்யும் .315 'ஸ்போர்ட்டிங்' ரைபிளின் தோட்டா இதன் வழிவந்ததே. மறைந்துபோன ஒரு பேரரசின் படைத்தோட்டா கான்பூர்ப் பயிர்க்காவலில் உயிர்வாழ்கிறது. குடிமக்களுக்குக் கிடைக்கும் ரைபிள் தோட்டா இதுவாதலால், கட்டா செய்யும் கள்ளக் கம்மியனும் இதற்கேற்பவே செய்கிறான். தோட்டா எங்குக் கிடைக்கிறதோ அங்கே துப்பாக்கி முளைக்கிறது என்று 1907இல் அஞ்சியவர்களின் கணிப்பு இவ்வளவில் பிழையாகவில்லை.

ஈஷாப்பூரில் இன்னொரு விந்தையான மாற்றமும் நடந்தது. காவலர்களின் கையில் .303 ரைபிளைக் கொடுத்து, அது பறிபோனால் என்ன செய்வது? பழைய ரைபிள்களின் குழலைப் புரியில்லாமல் .410 அங்குலமாக்கி, ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடும்படி அடைத்து, 'மஸ்கட்' என்று பெயரிட்டு வழங்கினர். அதன் தோட்டா யாது? கழுத்து ஒடுக்காத .303 கூடு! ஸ்னைடர்த் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி மார்ட்டினித் தோட்டாவைச் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே கழுத்தை ஒடுக்காமல் விட்டு ஒரு தோட்டாவைச் செய்தனர். முன்னது வன்மையைக் கூட்டுவதற்கு, பின்னது குறைப்பதற்கு. 1962ஆம் ஆண்டுச் சீனப் படையெடுப்புக்குப் பின்னர், அதே பழைய பொறியமைப்பை வலிமைமிக்க எஃகால் செய்து, 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கு ஏற்ப '2ஏ' என்ற ரைபிளையும் அதன் வழிவந்த '2ஏ1'ஐயும் அங்கே வடித்தனர். எஃகை மாற்றினர் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. புதிய தோட்டாவின் அழுத்தம் மிகுதி; பழைய உலோகத்தை நம்பி அதைச் சுட அவர்கள் துணியவில்லை.

அரசும் பெரிய கம்பெனியும் செய்ததைத் தனிமனிதர் செய்த நாடு அமெரிக்கா. அங்கே தோட்டாவைத் தாமே திருத்துவோர் ஆக்கியவற்றுக்குக் 'காட்டுப்பூனை' என்று பெயர். எந்தக் கம்பெனியின் வளர்ப்பிலும் சேராதது என்பது கருத்து. டவுன்செண்டு வீலன் என்ற படையதிகாரியும் அவருடைய நண்பர்களும் 1920களில் ஒரு பழைய சிறு தோட்டாவைப் புதுப்பித்து .22 ஹார்னெட்டைச் செய்தனர். வின்செஸ்டர் கம்பெனியார் 1930இல் அத்தோட்டாவை விற்கத் தொடங்கியபோது, அதற்கென்று எந்த ஆலையும் துப்பாக்கி செய்யவில்லை. இலை வந்தபின் பந்தல் போட்டதுபோல், துப்பாக்கி பின்னர்த்தான் வந்தது. .30-06 கூட்டின் கழுத்தை ஒடுக்கி .25-06 என்றனர். விரித்து .35 வீலன் என்றனர். முன்னது 1920ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து 1969ஆம் ஆண்டில் ரெமிங்டன் கம்பெனியின் பட்டியலில் ஏறியது; பின்னது 1922இல் பிறந்து 1988வரை காத்திருந்தது. ஐம்பது அறுபது ஆண்டுகள் வீட்டுப் பட்டறைகளில் வாழ்ந்து, பின் சபையேறிய பூனைகள் இவை.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் படைகள் கழித்த மௌசர், ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்கள் அங்கே மலிவாக விற்கப்பட்டன. வாங்கியவர்கள் கனத்த மரக்கட்டையைச் செதுக்கினர், குழலை மாற்றினர், தொலைநோக்கி பொருத்தினர். அன்று வெட்டிச் செதுக்கியவற்றைவிட, வெட்டாமல் மூலையில் கிடந்தவற்றுக்கே இன்று சேகரிப்போர் மிகுந்த விலை கொடுக்கின்றனர் என்பது காலத்தின் கேலி.

இக்கலையில் பெயர்பெற்றவர் பி. ஓ. ஆக்லி. 1903இல் பிறந்து 1989இல் மறைந்தவர். கொலராடோவில் ஒரு கல்லூரியில் துப்பாக்கிக் கம்மியம் கற்பித்தவர். கூட்டின் சரிவைக் குறைத்துத் தோளை நிமிர்த்தி, உள்ளே சற்று இடம் பெருக்கியது அவர் வழி. ஆனால் அவரிடம் நாம் போற்றுவது வேறொன்று. எந்தத் துப்பாக்கி எவ்வளவு தாங்கும் என்று வாய்ப்பேச்சாகக் கூறாமல், பல நாட்டுப் படை ரைபிள்களைத் தொலைவிலிருந்து, அவை உடையும்வரை அழுத்தத்தைக் கூட்டிச் சோதித்தார். மட்டமானது என்று எல்லோரும் எள்ளிய ஜப்பானிய அரிசாகாவே மிகவும் தாங்கியது! அவரே வேடிக்கைக்காக, மிகப் பெரிய .378 வெதர்பி கூட்டை .22க்கு ஒடுக்கி, வினாடிக்கு 5,000 அடி வேகத்தை எட்ட முயன்ற ஒரு தோட்டாவையும் வடித்தார். அதன் பெயர் காதைப் பிளக்கும் ஓசை என்று பொருள்படும் போலி ஜெர்மன் சொற்கோவை. 4,600 அடியளவில் அது நின்றுவிட்டது. மருந்தைக் கூட்டக் கூட்ட வேகம் கூடும் என்பது ஓர் எல்லைவரைதான். அதற்கப்பால் குழல் அரிக்கப்படுவதே மிச்சம்.

அமெரிக்கரின் பொழுதுபோக்கை நம் நாட்டுக்குக் கொண்டுவர எண்ணுவோர், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் பார்த்தல் வேண்டும். செய்தல், விற்றல் என்பவற்றோடு நில்லாமல், மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகிய செயல்களுக்கும் உரிமம் வேண்டும் என்று அது கூறுகிறது. வேட்டைத் துப்பாக்கியின் குழலை வெட்டிக் குறைப்பதை 6ஆம் பிரிவு தடுக்கிறது. தோட்டாவின் உறுப்புக்களும், தோட்டா செய்யும் பொறிகளும் 'தோட்டா' என்ற சொல்லின் சட்டப் பொருளில் அடங்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இவ்வகைக் குற்றங்களுக்குக் குறைந்த தண்டனையே ஏழாண்டுச் சிறை. ஆயுள் தண்டனைவரை நீளலாம்.

இது யாருக்கோ உரியது என்று நேயர்கள் எண்ணவேண்டா. பாட்டனார் தோட்டக் காவலுக்கு வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஊரில் பரணிலோ பெட்டியிலோ கிடக்க, பேரன் பம்பாயிலோ நாகபுரியிலோ உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டையும் நின்றது. பல பழைய அளவுத் தோட்டாக்களும் கடைகளிலிருந்து மறைந்தன. 'இந்தத் தோட்டா கிடைப்பதில்லை, சற்றே குடைந்து கொடுத்தால் கிடைக்கிற தோட்டா செல்லும்' என்று யோசனை சொல்லும் பட்டறைக்காரர் எவ்வூரிலும் இருப்பார். அவர் குடைவது தோட்டா அறையின் சுவரை. சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தத்தைத் தாங்கவேண்டிய சுவரை.

குடையாவிட்டாலும் கேடு உண்டு. பழைய ஆங்கிலப் பன்னிரண்டு போர்த் துப்பாக்கிகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு அமைந்தது. இன்றைய இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவும் அதில் செவ்வனே நுழைந்துவிடும். ஏனெனில் அந்த அளவு, வெடித்து விரிந்தபின் கூட்டுக்குள்ள நீளம். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். குழலின் மேல் நீரலைபோல் வரிவரியாகத் தோன்றினால், அது இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த பழங்காலக் குழல். பெரும்பாலும் கரிமருந்துக் காலத்தது. இன்றைய மருந்தின் வன்மைக்கு உரியதன்று. முன்னர்க் குறித்த விபத்து யாதெனில், இருபது போர்த் தோட்டா ஒன்று தவறுதலாகப் பன்னிரண்டு போர்க் குழலில் நுழைந்து, சிறிது தூரம் சென்று கண்ணுக்குப் படாமல் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி சுடவில்லையே என்று, பின்னால் ஒரு பன்னிரண்டு போர்த் தோட்டாவையும் இட்டால், இடக்கை பிடித்திருக்கும் இடத்தில் குழல் வெடிக்கும். இருபது போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறமே கொடுப்பது என்ற வழக்கம் இதனால் ஏற்பட்டது.

உரிமம் பெற்றவர் காலமானால், அவருடைய துப்பாக்கி உரிமத்தோடு மகனுக்குத் தானே வந்துவிடுவதில்லை. 21ஆம் பிரிவின்படி, காலதாமதமின்றி அதனை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். பின்னர் வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது முறைப்படி விற்கலாம். பழுதுபார்த்தாலும் பயன்படாத பழம்பொருளாயின் 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. அது பயன்படாதது என்று முடிவுசெய்வது நம் பொறுப்பன்று. உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அவ்வுரிமம் அம்மாநிலத்தில் செல்லுமா என்று முதலில் பார்க்கவேண்டும். புதிய ஊரின் உரிம அதிகாரிக்கும் தெரிவிக்கவேண்டும். ஒப்படைக்கும் வேளையில் பெறும் ரசீதில் துப்பாக்கியின் வரிசை எண்ணும் குழலளவும் எழுதப்படும். அந்தக் குழலளவைப் பாட்டனாரின் உரிமத்தாளிலிருந்து பார்த்து எழுதாமல், குழலில் பொறித்துள்ள முத்திரையைப் படித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டும் வேறுபட்டால், இடையில் யாரோ ஒருவர் அதைக் குடைந்திருத்தல் கூடும்.